பூங்காவுக்கு அரசு நிதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காலி இடம் இருக்கிறது, ஆனால் பூங்கா வரவில்லை. பூங்கா வந்தது, ஆனால் பூட்டிக் கிடக்கிறது. இந்த இதழுக்கு வந்த கடிதங்களை இந்த இரண்டு குறைகளில் அடக்கிவிடலாம். தமிழ்நாட்டு நகராட்சி, பேரூராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் இருந்து வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு என்று ஒதுக்கிய 10 சென்ட் இடம் முள்புதராகக் கிடக்கிறது. பல முறை மனு கொடுத்தும் நகராட்சியில் "நிதி இல்லை" என்றே சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? – குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்

நிதியை விட்டுவிட்டு நிலத்திலிருந்து தொடங்குங்கள். "நிதி இல்லை" என்று சொல்லும் இடங்களில் பல நேரம் உண்மையான தடை, அந்த நிலம் உள்ளாட்சியின் பெயரில் இல்லாததுதான். தன் பெயரில் இல்லாத இடத்துக்கு எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட மாட்டார். போட்டாலும் தணிக்கையில் நிற்காது.

நான்கு தாள்களைச் சேர்க்க வேண்டும். முதலாவது, அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகல். அங்கீகார எண் உங்கள் கிரையப் பத்திரத்திலேயே இருக்கும். அதைக் கொண்டு உள்ளாட்சியிலோ நகர ஊரமைப்பு அலுவலகத்திலோ நகல் கேளுங்கள். இரண்டாவது, மனைப்பிரிவு போட்டவர் அந்த இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தின் நகல். சார்பதிவாளர் அலுவலகத்தில், மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்ற ஆண்டிலிருந்து இன்று வரைக்கும் வில்லங்கச் சான்று போட்டால் பத்திரம் பதிவானதா, அதன் பிறகு யாராவது அந்த இடத்தை விற்றார்களா என்ற இரண்டும் தெரிந்துவிடும். மூன்றாவது, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல். அதில் உரிமையாளர் பத்தியில் நகராட்சியின் பெயர் இருக்க வேண்டும். நான்காவது, நில அளவர் அளந்து கல் நட்டதற்கான வரைபடம்.

பழைய மனைப்பிரிவுகளில் அடிக்கடி தென்படுவது இது: தானப் பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் பதிவேட்டில் பெயர் மாறியிருக்காது. அப்படியானால் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் நகராட்சி ஆணையர். உங்கள் மனுவில் "பூங்கா அமைத்துத் தருக" என்று எழுதாமல், "இன்ன எண் தானப் பத்திரப்படி பெயர் மாற்றம் செய்ய வட்டாட்சியருக்கு எழுதுக" என்று எழுதுங்கள். குறிப்பான கோரிக்கைக்குக் கோப்பு நகரும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். 2019 தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டை ஓ.எஸ்.ஆர். என்று அலுவலகங்களில் சொல்லும் திறந்தவெளியாக ஒதுக்கித் தானமாகத் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் வழி உண்டு. ஆகவே புதிய, சிறிய மனைப்பிரிவில் பூங்கா என்று நீங்கள் நினைக்கும் இடம் உண்மையில் விற்காத மனையாகவும் இருக்கலாம். வரைபடத்தைப் பார்க்காமல் புதரை வெட்டப் போகாதீர்கள்.

கேள்வி: நிலப் பத்திரம் சரியாக இருக்கிறது. பூங்காவுக்கு எந்தெந்த நிதியைக் கேட்கலாம்? – பேரூராட்சி வார்டு உறுப்பினர்

ஒவ்வொரு நிதிக்கும் ஒரு வாசலும் ஒரு பருவமும் உண்டு.

உள்ளாட்சியின் சொந்தப் பொதுநிதிதான் முதல் வாசல். சிறு தொகை, ஆனால் தடை குறைவு. வரவுசெலவுத் திட்டம் பிப்ரவரி, மார்ச்சில் மன்றத்துக்கு வரும். அதற்கான பட்டியல் டிசம்பர், ஜனவரியிலேயே தயாராகிவிடும். எனவே அக்டோபர், நவம்பரில் பகுதி சபைக் கூட்டத்தில் கோரிக்கையைத் தீர்மானப் பதிவேட்டில் எழுத வையுங்கள். மே மாதம் கொண்டுவரும் மனு அடுத்த ஆண்டுக்குத்தான் போகும்.

ஒன்றிய நிதிக்குழு மானியத்திலும் இடம் உண்டு. 2021-26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு 60 விழுக்காடு குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கே கட்டுண்டது. மீதி 40 விழுக்காடு கட்டற்றது. சம்பளம், நிர்வாகச் செலவு தவிர உள்ளூர்த் தேவைக்குச் செலவிடலாம். அந்த 40-க்குச் சாலையும் தெருவிளக்கும் போட்டியிடும் என்பதால் பூங்கா பின்னுக்குப் போகும். பூங்காவுக்குள் வரும் மழைநீர் உறிஞ்சு கிணறுகளைத் தனிப் பணியாகப் பிரித்துக் கேட்பது ஒரு நல்ல வழி.

மாநிலத் திட்டங்களில், 2021-22இல் அறிவிக்கப்பட்ட கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில் பூங்காவும் உண்டு. சென்னை மாநகராட்சிக்குச் சிங்காரச் சென்னை 2.0 இருக்கிறது. இவற்றில் தனிமனிதர் மனு கொடுத்துப் பயனில்லை. உள்ளாட்சி தன் பட்டியலில் சேர்த்து மேலே அனுப்ப வேண்டும்.

ஒன்றிய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டமான அம்ருத் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். 2015 ஜூனில் 500 நகரங்களுக்காகத் தொடங்கிய முதல் கட்டத்தில், பசுமைவெளிக்குத் திட்டத் தொகையில் அதிகபட்சம் 2.5 விழுக்காடு என்று வரம்பு வைத்து, உள்ளூர் மக்கள் பங்கேற்புடன் பராமரிப்பு ஏற்பாடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் விதித்தார்கள். 2021 அக்டோபர் 1 அன்று தொடங்கி 2025-26 வரை வகுத்த இரண்டாம் கட்டத்தின் மையம் குடிநீரும் கழிவுநீரும். அதில் நீர்நிலைப் புனரமைப்போடு சேர்ந்த பசுமைவெளிக்கே வாய்ப்பு கூடுதல்.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி. இரண்டுக்கும் பரிந்துரைக் கடிதம் உறுப்பினருடையது. நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் வருவது பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். முடிந்தபின் யார் பராமரிப்பார்கள் என்ற உறுதியையும் முன்கூட்டியே கேட்பார்கள். மின்கட்டணம், தோட்டக்காரர் கூலி ஆகியவற்றுக்கு இந்த நிதிகள் உதவாது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை மறந்துவிடாதீர்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, முந்தைய ஆண்டு நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், கடந்த மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். நிறுவனத்திடம் போகும்போது கையில் நிலத் தாள்களும் உள்ளாட்சியின் தடையின்மைக் கடிதமும் இருக்கட்டும். படம் வரைந்த கோப்பை மட்டும் கொண்டுபோனால் பேச்சு அங்கேயே நிற்கும்.

கேள்வி: நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நாங்கள் கட்ட வேண்டும் என்கிறார்கள். 12 லட்சம் ரூபாய்ப் பணிக்கு 4 லட்சம் திரட்டிவிட்டோம். போதுமா? – தெருவாசிகள் குழு

போதாது. 12 லட்சம் என்பது பணியின் வெறும் விலை. அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2,16,000, கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1 விழுக்காடு 12,000. இப்போதே 14,28,000 ஆகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு 4,76,000. மேற்பார்வை, சில்லறைச் செலவு என்ற தலைப்புகளில் இன்னும் கொஞ்சம் ஏறும். உங்களிடம் குறைவது 76,000 ரூபாய்க்கு மேல். பங்கு கணக்கிடுவது மதிப்பீட்டின் கடைசி வரியில் உள்ள மொத்தத் தொகைக்கு. நடுவில் உள்ள கூட்டுத்தொகைக்கு அல்ல.

நடைமுறை இப்படிப் போகும். ஆணையர் அல்லது செயல் அலுவலரிடம் விருப்பக் கடிதம் கொடுக்கிறீர்கள். பொறியியல் பிரிவு இடத்தைப் பார்த்து மதிப்பீடு தயாரிக்கிறது. பங்குத் தொகையை உள்ளாட்சியின் கணக்கில் செலுத்துகிறீர்கள். பிறகு நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. பணத்தைத் திரட்டத் தொடங்குவதற்கு முன்பே, நடப்பு ஆண்டு ஒதுக்கீட்டில் இத்திட்டத்துக்கு எவ்வளவு மீதம் என்று அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பணத்தை ஒப்பந்ததாரர் கையிலோ உறுப்பினர் கையிலோ கொடுக்கவே கூடாது. வரைவோலை, வங்கிப் பரிமாற்றம், உள்ளாட்சியின் ரசீது – இந்த மூன்றைத் தவிர வேறு வழி வேண்டாம்.

ஒப்பந்தப்புள்ளி மதிப்பீட்டைவிட அதிகமாக வந்தால் கூடுதலில் உங்கள் பங்கையும் கேட்பார்கள். ஆகவே திரட்டும்போதே பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்திருங்கள்; மிஞ்சினால் முதலாண்டு பராமரிப்புக்கு ஆகும்.

கேள்வி: மதிப்பீட்டில் என்னென்ன சேர்க்கச் சொல்வது? பக்கத்து வார்டில் சுற்றுச்சுவரும் வளைவும் கட்டியதோடு பணம் தீர்ந்துவிட்டது. – ஓய்வுபெற்ற ஆசிரியர்

இது எல்லா ஊரிலும் நடக்கிறது, மிகவும் வேதனையான விஷயம். 10 சென்ட் என்பது சுமார் 405 சதுர மீட்டர். ஏறக்குறையச் சதுரமான இடம் என்றால் சுற்றளவு 80 மீட்டர். அந்த 80 மீட்டருக்கும் ஆளுயரச் சுவர் எழுப்பினால் பணமும் போகும், உள்ளே நடப்பதும் வெளியே தெரியாது. தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பூங்காவுக்குப் பெண்களும் குழந்தைகளும் வர மாட்டார்கள், குடிப்பவர்கள் வருவார்கள். இரண்டடி அடிச்சுவர், அதன்மேல் நான்கடிக் கம்பி கிராதி போதும். நுழைவு வளைவு வேண்டவே வேண்டாம்.

பணத்தைப் போட வேண்டிய முதல் இடம் மண்ணுக்குள். காலி மனைகளில் கட்டட இடிபாடு கொட்டியிருப்பார்கள். அதன்மேல் அரை அடி செம்மண்ணைப் பரப்பி மூடினால் ஒரு செடியும் பிடிக்காது. செடி வரும் பகுதியில் 45 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டி, இடிபாட்டை அகற்றி, வண்டல் கலந்த மண்ணும் மக்கிய தொழுவுரமும் நிரப்புவதை மதிப்பீட்டில் தனி இனமாக எழுதச் சொல்லுங்கள். மரக்குழி 1 மீட்டர் நீளம், அகலம், ஆழம்.

அடுத்தது நீர் வடிதல். நடைபாதைக்கு ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. சரிவு, அது போய்ச் சேரும் இடத்தில் உறிஞ்சு கிணறு. தெரு மட்டத்தைவிடப் பூங்கா தாழ்ந்திருந்தால், சாலை மறுபடி மறுபடி உயர்ந்து, பூங்கா மழைக்காலத்தில் குட்டையாகிவிடும். மதிப்பீடு போடும் முன் மட்டம் பார்க்கச் சொல்லுங்கள்.

நடைபாதை அகலம் 1.8 மீட்டர் இருந்தால் இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கலாம். நுழைவில் படி இருந்தால் பக்கத்திலேயே 12-க்கு 1 சரிவுப்பாதை: 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம். பேவர் பிளாக் என்றால் நடப்பதற்கு 60 மி.மீ. தடிமன் போதும். அடியில் இறுக்கிய ஜல்லிப் படுகை 10 முதல் 15 செ.மீ., அதன்மேல் 3 அல்லது 4 செ.மீ. மணல். இரண்டு ஓரத்திலும் கான்கிரீட்டில் பதித்த ஓரக்கல் கட்டாயம். ஓரக்கல் இல்லாமல் பதித்த கற்கள் ஓராண்டில் பக்கவாட்டில் நழுவி இடைவெளி விடும்; மணல் வெளியேறும்; நடுவில் குழி விழும். கரிசல் மண் என்றால் மேல் ஓரடியை எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்ப வேண்டும், இல்லையேல் மழையில் உப்பி வெயிலில் சுருங்கிக் கல்லைத் தூக்கிவிடும். வழவழப்பான தரை ஓடு மட்டும் வேண்டாம், முதல் மழையிலேயே முதியவர்கள் விழுவார்கள்.

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்குச் சிமென்ட் போகக் கூடாது. ஏற்கெனவே நிற்கும் மரத்தின் அடியில் வட்டத் திண்ணை கட்டுவது பலருக்கும் பிடிக்கும். ஆனால் வேருக்குக் காற்றையும் நீரையும் மறைத்து மண்ணை ஏற்றிக் கட்டிய மரம் சில ஆண்டுகளில் நுனி காயத் தொடங்கும். திண்ணையை மரத்திலிருந்து தள்ளி, நிழல் விழும் இடத்தில் போடுங்கள்.

விளக்குக் கம்பங்களுக்குப் புதைவடம், மண்ணிணைப்பு, 30 மில்லி ஆம்பியர் கசிவு மின் துண்டிப்பான் மூன்றும் மதிப்பீட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். குழந்தைகள் வெறுங்காலுடன் ஈரத் தரையில் ஓடும் இடம் இது. மூன்றாவதை விட்டுவிட்டு அலங்கார விளக்கு போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கழிப்பறை? தண்ணீரும் தினம் சுத்தம் செய்ய ஆளும் உறுதியானால் மட்டும். பத்து சென்ட் இடத்தில் பெரும்பாலும் அது பூட்டிய அறையாகவே முடிகிறது.

கேள்வி: ஊஞ்சல், சறுக்கு, திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? – மகளிர் சுயஉதவிக் குழு

கருவியைவிட அதன் அடியில் உள்ள தரைதான் பிள்ளைகளைக் காக்கும். இரண்டு மீட்டர் வரை உயரத்திலிருந்து விழ வாய்ப்புள்ள கருவியின் அடியில் 30 செ.மீ. தடிமனுக்குக் களிமண் கலக்காத, உருண்டை மணிகள் கொண்ட மணல் வேண்டும். சிமென்ட் தரையிலோ பேவர் கல்லிலோ ஊஞ்சல் நட்டிருந்தால் அதை ஏற்காதீர்கள். கருவியைச் சுற்றிக் குறைந்தது ஒன்றரை மீட்டர் வெற்றிடம். ஊஞ்சல் ஆடும் திசையில் இன்னும் அதிகம். மணல் இடம் மாறும் என்பதால் மாதம் ஒருமுறை வாரி நிரப்ப வேண்டும். தகரச் சறுக்கு தெற்கு, மேற்குப் பார்த்து இருந்தால் மாலை வரை தொட முடியாது. வடக்குப் பார்த்தோ மர நிழலிலோ வையுங்கள்.

உடற்பயிற்சிக் கருவிகள் பொதுப்பணித்துறை விலைப்பட்டியலில் இல்லாவிட்டால் சந்தை விலைப்புள்ளிகள் வாங்கி விலை நிர்ணயிக்க வேண்டும். அதனால் கோப்பு தாமதமாகும். கருவிகளைத் தனிப் பணியாகப் பிரித்தால் மற்ற வேலை நிற்காது. கருவிகளில் முதலில் கெடுவது சுழலும் மூட்டில் உள்ள பேரிங். கழற்றி மாற்றக்கூடிய பேரிங்கா, மூடிப் பற்றவைத்ததா என்று கேளுங்கள். பற்றவைத்தது என்றால் ஒரு பேரிங் தேய்ந்ததும் முழுக் கருவியும் வீண். அடித்தளக் கான்கிரீட் ஏழு நாளாவது தண்ணீர் குடித்த பிறகே போல்ட் முறுக்க வேண்டும். திறப்பு விழாத் தேதிக்காக மறுநாளே முறுக்கிய கருவிகள்தான் பிறகு ஆடுகின்றன.

கேள்வி: போட்ட புல்தரை இரண்டு கோடைக்குள் காய்ந்துவிட்டது. மறுபடி நிதி கேட்கலாமா? – நகர்மன்ற உறுப்பினர்

புல்தரைக்கு மறுபடி கேட்காதீர்கள். நம் கோடையில் புல்தரை நாள் ஒன்றுக்குச் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் அளவில் நீரை ஆவியாக்கும். 200 சதுர மீட்டர் புல்லுக்குத் தினம் 1,000 லிட்டர், மாதம் 30,000 லிட்டர். அதற்கு ஆழ்துளைக் கிணறு, மோட்டார், மின்கட்டணம். குடிநீருக்கே லாரி வரும் தெருவில் இதை நியாயப்படுத்த முடியாது. இருபது சதுர மீட்டர் புல் வைத்துக்கொண்டு, மீதி இடத்தில் மண்தரையும் நிழல் மரமும் வையுங்கள். வேம்பு, புங்கன், மகிழம், பூவரசு, நாவல், இலுப்பை எல்லாம் இரண்டு கோடை தாண்டிவிட்டால் பெரிதாகத் தண்ணீர் கேட்காதவை. மின்கம்பிக்குக் கீழே உயர்ந்து வளரும் எதையும் நட வேண்டாம். மின்வாரியம் ஆண்டுதோறும் நடுமண்டையை வெட்டிவிடும்.

செடி காய்வதற்கு நிதியாண்டும் ஒரு காரணம். மார்ச் 31-க்குள் பட்டியல் போட வேண்டும் என்று மார்ச் மாதத்தில் அவசரமாகச் செடி நடுகிறார்கள். மே தொடக்கத்திலேயே கத்திரி. நட்ட கணக்கு இருக்கும், செடி இருக்காது. கட்டுமானப் பணியை ஜனவரி முதல் மே வரை முடித்துவிட்டு, நடவைத் தனிக் கட்டமாகப் பிரித்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் புரட்டாசியில் வைக்குமாறு ஒப்பந்த நிபந்தனையில் எழுதச் சொல்லுங்கள். தொகையில் ஒரு பகுதியை, அடுத்த கோடை முடிந்து உயிரோடு நிற்கும் கன்றுகளை எண்ணிய பிறகு தருமாறு வையுங்கள்.

கேள்வி: 40 லட்சம் செலவில் திறந்த பூங்கா ஆறு மாதத்தில் பூட்டப்பட்டது. ஏன்? மறுபடி திறக்க வழி என்ன? – கல்லூரி மாணவி

கட்டுவதற்குத் தந்த பணம் மூலதனம். தினசரிச் செலவுக்கு அதில் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. ஆள், தண்ணீர், மின்சாரம், பழுது ஆகிய நான்குக்கும் யார் தருவது என்று எழுதாமல் திறந்த பூங்கா அந்த நான்கில் ஒன்று நின்ற நாளில் பூட்டப்படும். பெரும்பாலும் முதலில் நிற்பது ஆள்.

திறக்க வேண்டுமானால் முதலில் எது நின்றது என்று கண்டுபிடியுங்கள். மின்கட்டணப் பாக்கியா, மோட்டார் பழுதா, காவலர் ஒப்பந்தம் முடிந்ததா? அதன்பின் மன்றத்தில் ஆண்டுப் பராமரிப்புக்கான தலைப்பைக் கேளுங்கள். குடியிருப்போர் சங்கமோ உள்ளூர் நிறுவனமோ பராமரிப்பை ஏற்கலாம், ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். சாவி யாரிடம், திறக்கும் மூடும் நேரம், மின்கட்டணம் யார், கருவி பழுதானால் எத்தனை நாளில் யார் சரிசெய்வது, பராமரிப்பவர் வைக்கும் பெயர்ப்பலகையின் அளவு, ஒப்பந்தக் காலம், முறிக்கும் விதம் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு வரி கட்டாயம்: எல்லாருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்கும். அரசுப் பணத்தில் அமைந்த பூங்காவில் "உறுப்பினர்களுக்கு மட்டும்" என்று பலகை மாட்டும் சங்கங்களை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். பக்கத்துக் குடிசைப் பிள்ளைக்கு வேறு விளையாடும் இடம் கிடையாது.

புதிதாகத் தொடங்குபவர்கள், ஒரே ஒப்பந்தப்புள்ளியில் கட்டுமானத்தோடு மூன்றாண்டுப் பராமரிப்பையும் சேர்க்கக் கோரலாம். சிறு பூங்காவில் விளக்குகளை அருகிலுள்ள தெருவிளக்குச் சுற்றோடு இணைக்க முடியுமா என்றும் பாருங்கள். தனி மின் இணைப்பின் கட்டணம் தவறி இருட்டாவது தவிரும். இலைச் சருகை எரிக்காமல், ஒரு மீட்டர் குழி இரண்டு வெட்டி மாறி மாறி நிரப்பி, சாணக் கரைசல் தெளித்து ஈரமாக வைத்தால் நான்கு மாதத்தில் உரம்.

கேள்வி: பூங்கா இடத்தில் சமுதாயக் கூடம் கட்டத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். தடுக்க முடியுமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

முடியும். தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டிடம், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த வழக்கில், அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. அங்கீகரித்த வரைபட நகலோடு ஆட்சேபணையை மன்றத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் பதிவஞ்சலில் அனுப்புங்கள். அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

கேள்வி: பணி தரமாக நடக்கிறதா என்று பொதுமக்கள் எப்படிப் பார்ப்பது? – தன்னார்வலர்

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். பணி தொடங்கியதுமே கேளுங்கள்: மதிப்பீட்டின் முழு நகல், பணி ஆணை, ஒப்பந்த நிபந்தனைகள், அளவுப் புத்தகத்தின் (செய்து முடித்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் எழுதும் ஏடு) தொடர்புடைய பக்கங்கள், குறைபாடு நீக்கும் பொறுப்புக் காலம் (பழுதை ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம்) எவ்வளவு என்ற விவரம். "பூங்கா பற்றிய எல்லாத் தகவலும்" என்று எழுதினால் ஒன்றும் வராது.

கையில் மதிப்பீடு வந்ததும் டேப் ஒன்று போதும். மண்ணுக்குள் போகும் வேலைகளை மூடுவதற்கு முன்பே பாருங்கள்: மரக்குழி ஆழம், ஜல்லிப் படுகைத் தடிமன், வடத்தின் ஆழம். தேதி தெரியும் படம் எடுத்து வையுங்கள். அளவுப் புத்தகத்தில் 15 செ.மீ. என்று எழுதி நிலத்தில் 7 இருந்தால், உங்கள் படமே சான்று. குறைபாடு நீக்கும் காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, பெயர்ந்த கல், ஆடும் கருவி, பட்ட செடி எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஆணையருக்குக் கொடுங்கள். ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகை அதுவரை உள்ளாட்சியிடம் இருக்கும்; அதற்குப் பிறகு கேட்டால் நகராட்சி தன் பணத்தில்தான் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: எங்கள் ஏரிக்கரையில் நடைபாதையும் பூங்காவும் அமைக்கப் போகிறார்கள். எதைக் கேட்டுப் பெற வேண்டும்? – ஏரிப் பாதுகாப்புக் குழு

ஏரி உள்ளாட்சியுடையதா, நீர்வளத் துறையுடையதா என்பதை முதலில் பாருங்கள். துறையின் ஏரி என்றால் அதன் தடையின்மைச் சான்று இல்லாமல் ஒரு கல்கூட வைக்கக் கூடாது. பூங்கா வர வேண்டிய இடம் கரையின் வெளிப்பக்கம். நீர்ப்பரப்புக்குள் மண் கொட்டி இடம் உண்டாக்கினால், அத்தனை கொள்ளளவும் மழைக்காலத்தில் யாரோ ஒருவர் வீட்டுக்குள் போகும். ஒரு மீட்டர் ஆழத்தில் 500 சதுர மீட்டரைத் தூர்த்தால் 5,00,000 லிட்டருக்கு இடம் போய்விட்டது என்று பொருள்.

வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல் மூன்றையும் வரைபடத்தில் குறித்து, அவற்றின் மேல் நடைபாதை வந்தால் நீர்வழி முழு அகலத்துக்குப் பாலம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். குழாய் பதித்து மூடுவது எளிது, அடைத்துக்கொள்வதும் எளிது. கரையின் உட்சரிவை முழுக்கக் கான்கிரீட் போட்டு மூடாமல், கல் அடுக்கி இடையில் வெட்டிவேரோ நாணலோ வளர விடலாம். பறவை இறங்கும் பக்கத்தில் விளக்குக் கம்பம் வேண்டாம். கரையில் ஓரிடமாவது கால்நடையும் பரிசலும் இறங்கும் சரிவாக விட்டுவைக்கச் சொல்லுங்கள். தூர்வார இயந்திரம் உள்ளே போகவும் அந்த வழிதான் வேண்டும்.